எலும்புப் படமும் ஆட்டுப்பாலும்

என் அருமை வரதா,

நீ இருந்திருந்தால் அந்த டாக்டரை மன்னித்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. நான் மன்னிக்கவில்லை.

கருட சேவைக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்தவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சுமை தூக்கிய வலி என்றுதான் நினைத்தோம். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் வேட்டி நனைய வியர்வை. சில நாள் விடும்; மறுபடி வரும்.

சென்னையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முள்ளெலும்பு ஒன்றின் மேல் ஓரம் அரித்திருந்தது. "எலும்பு க்ஷயம், டி.பி." என்றார்.

"க்ஷயமென்றால் எலும்பு நொறுங்குமே, இது நொறுங்கவில்லையே. வேறு நோயும் இப்படி அரிக்காதா? ரத்தத்தையும் சோதித்துப் பார்க்கலாமே" என்றேன்.

"காலேஜில பாடம் நடத்தறவங்களே படம் பார்த்துட்டா நாங்க எதுக்கும்மா?" என்று சிரித்தார்.

நீயும் சேர்ந்து சிரித்தாய். "அக்காவுக்குப் பெருமாளையே நிரூபிச்சுக் காட்டணும் சார்!"

உன்னை மாவுக்கட்டில் கிடத்தினார்கள். கறந்த சூட்டோடு ஆட்டுப்பால் குடிக்கச் சொன்னார்கள். க்ஷயத்துக்கு ஆட்டுப்பால் என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆட்டுக்காரி முனியம்மா வாசலிலேயே கறந்து கொடுத்தாள். கோயிலில் பாராயணம் பண்ணுகிற தொண்டைக்கு நல்லதென்று வெகுநாளாக ஒரு தம்ளர் குடித்து வந்தவனுக்கு இனி இரண்டு.

காய்ச்சல் இதயத்தைப் பிடித்த பிறகுதான் வேறொரு டாக்டர் ரத்தம் எடுத்தார். முடிவு வந்தபோது நீ இல்லை. க்ஷயம் இல்லையாம். ஆட்டின் பச்சைப்பாலில் வருகிற மால்டா காய்ச்சல். நோயையே மருந்தென்று ஊற்றியிருக்கிறார்கள், வரதா!

முதல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "படத்தில இருந்ததைத்தானே சொன்னேன்" என்றார். படத்தில் பால் தெரியுமா? என்ன குடிக்கிறாய் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

இப்போது உன் மகள் செல்லம் இளைத்திருக்கிறாள் என்று அவளுக்கும் அதே பால். ரத்தச் சோதனை முடிவைச் சொல்லிப் பார்த்தேன். "காய்ச்சினா குணம் போயிடும்னு டாக்டரே சொன்னாரே அக்கா" என்கிறாள் உன் மனைவி ரங்கம். நாளைக் காலையில் அடுப்படியில் நான் நிற்பேன். காய்ச்சாத பால் ஒரு சொட்டும் குழந்தையின் வாயில் படாது. இது சத்தியம்.

மறுநாள்: முனியம்மா கறந்தாள். தம்ளரைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். "இன்னாமா, மருந்தைப் போயி கொதிக்க வெக்கிறீங்களே!" என்று கத்தினாள். ரங்கம் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பால் நாறுகிறது என்று செல்லம் அழுதாள். அழுதுகொண்டே குடித்தாள்.

அன்று உன்னோடு சேர்ந்து சிரிக்காத
உன் அக்கா