திரையில் நீங்கள் அழுதது

அன்புள்ள சின்னவளின் அப்பாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். என்னோடு அது இப்போது இல்லை. பிள்ளைகள் சுகம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது.

போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் அந்த ஆவணப்படத்தைப் போட்டார்கள். நம் கம்பெனித் தீ விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், பின்வாசலைப் பூட்டிய சூப்பர்வைசரைச் சிறையில் போய்ப் பார்த்து மன்னிக்கிற படம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள். அவள், “நான் உங்கள மன்னிச்சிட்டேண்ணே” என்றதும் தேம்பித் தேம்பி அழுதீர்கள். மண்டபமே மூக்கைச் சிந்தியது.

எனக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பெற்ற தாயை அடக்கம் செய்த அன்றுகூடக் கண் கலங்காத மனுஷன் நீங்கள். தீர்ப்பு வந்த அன்று என்னிடம், “கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டியா” என்றுதான் கேட்டீர்கள். உங்கள் கண்ணீரை நான் முதன்முதலாகப் பார்த்தது திரையில், அதுவும் இன்னொருத்தி முன்னால். பாவசங்கீர்த்தனத்தில் என் பொறாமையைச் சொன்னேன். பங்குத்தந்தை, “மூணு அருள் நிறைந்த மரியே சொல்லும்மா, சரியாயிடும்” என்றார். முப்பது செபம் சொல்லியாயிற்று.

படம் முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அத்தனை கூட்டம். என்னை ஏனென்று கேட்க ஆளில்லை. அவளே தேடி வந்து, “அண்ணன் ரொம்ப இளைச்சிட்டாருக்கா” என்றாள். என் புருஷன் இளைத்ததை அவள் எனக்குச் சொல்கிறாள். நல்லவள், அதுதான் ஆத்திரமே. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார். படத்தில் “பூட்டுனது நான்தான்” என்றீர்கள். பூட்டச் சொன்னது யாரென்று நீங்களும் சொல்லவில்லை, படம் எடுத்தவர்களும் கேட்கவில்லை. தீப்பிடித்ததற்கு முதல்நாள் அவர் போன் ஸ்பீக்கரில் பேசும்போது, உங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். “சரக்கு திருட்டுத்தனமா வெளிய போகுது, பின்வாசலப் பூட்டிட்டு வேலை வாங்கு” என்றார். தீ விபத்துக்கு அப்புறம் நீங்கள், “நமக்கெதுக்கு வம்பு, வாயத் தொறக்காத” என்றீர்கள். நானும் திறக்கவில்லை. ஏழு மாதமாக உங்களைப் பார்க்க வராததற்குக் காரணம் பஸ் கிடைக்காதது அல்ல.

உங்கள் கண்ணீர் அவளுக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் முழு உண்மை என்னிடம்தானே இருக்கிறது என்று மண்டபத்தில் நின்றுகொண்டே ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகு உடம்பே கூசிவிட்டது. அது அவள் புருஷன் செத்த கதை. அதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இந்தக் கடிதத்தைச் சிறையில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள். தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். நாளை அவள் வீட்டுக்குப் போய் நேரிலும் சொல்லப்போகிறேன். அதன்பிறகும் அவள் உங்களை மன்னிப்பாளா, என்னை மன்னிப்பாளா, எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை பார்க்க வருகிறேன். கேமரா இருக்காது. மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். அழுகை வந்தால் அடக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி