வண்டிக்குப் புது சார்ஜர்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் வீடும் சலூனும் நலம். உன் நலத்தை உன் அக்கா வாயால்தான் தெரிந்துகொள்கிறேன். நேற்று ஆஸ்பத்திரியில் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றாயாமே! கேட்டதும் ஒருவர் தலையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரியை அப்படியே நிறுத்திவிட்டேன். கால் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை என்றும் உன் அக்கா சொன்னார். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி, வைக்கட்டுமா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ விற்கச் சொன்னபடி ஆள் பார்த்தேன். வீடு வீடாகப் பழம் கொண்டுபோக மூன்று சக்கர வண்டி வேண்டும் என்று முனைப் பழக்கடைக்காரர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்தார், பின்னாலிருக்கும் உன் மருந்துப் பெட்டியைத் திறந்து மூடினார். சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சே விடவில்லை. நீ மருந்துக்கடை வேலையாக ஒரு வீட்டுக்கு மருந்து கொடுக்கப் போய்ப் படிக்கட்டில் விழுந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை அல்லவா? சார்ஜ் இறங்கியிருக்கும் என்று ஒயரைச் சொருகினேன். சீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. "ஓடுற வண்டியா இருந்தா சொல்லுங்க, எடுத்துக்கிறேன். நிக்கிற வண்டி எங்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிளக்கில்தான் கோளாறோ என்று இஸ்திரிப் பெட்டியைச் சொருகிப் பார்த்தேன், சூடானது. ஃபியூஸை மாற்றினேன், பலனில்லை. சீட்டைத் தூக்கிச் சார்ஜரை மோந்து பார்த்தால் கருகிய வாடை.

இதைச் சலூனில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். நாம் 'ரேடியோ' என்று பெயர் வைத்திருக்கிறோமே, அந்த மனிதருக்கு முகமெல்லாம் நுரை, தொண்டையில் என் கத்தி. அப்போதும் வாய் ஓயவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டதும் ஓடிப்போய்த் தன் மருமகன் வண்டியின் சார்ஜரைக் கொண்டுவந்து, "கரண்ட்னா எல்லாம் கரண்ட்தானே, சொருகிவிடுங்க" என்றார். அது அறுபது வோல்ட். நம்முடையது நாற்பத்தெட்டு. நல்லவேளை, சொருகும் முன் பேட்டரிக்கடைக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "சொருகியிருந்தா பேட்டரி வீங்கி, நாலு புதுசு வாங்க எங்கிட்ட வந்திருப்பீங்க. எனக்கென்ன, வியாபாரம்தான்" என்று சிரித்தார். பிறகு பழைய சார்ஜர் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பொருத்தமான புதியதை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டும் வேலையை நானே செய்தேன். சிரிக்காதே. பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற அதே மனிதன்தான். அந்த அம்மா சொன்னபடி முதலில் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். பேட்டரி முனையில் பட்டுவிட்டால் விரலையே சுட்டுவிடுமாம். கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கழற்றியது இதுதான் முதல்முறை. விரலில் வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது, யாரோ ஒருவர் கையைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒயர்கள் இருந்த நிலையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, பேட்டரியின் கறுப்பு ஒயரை முதலில் விடுவித்தேன். ஒரு திருகு துருப்பிடித்துக்கொண்டு வருவேனா என்றது. எண்ணெய் விட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். திட்டியதற்குத்தான் வந்தது. புதிய பெட்டி கொஞ்சம் அகலம், பழைய ஓட்டைகளுக்கு உட்காரவில்லை. பக்கத்துத் தச்சரிடம் டிரில் மெஷினை இரவல் வாங்கி வேறு ஓட்டை போட்டேன். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து, மோதிரத்தை மாட்டிக்கொண்டு, சொருகினேன்.

விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. சார்ஜ் மட்டும் ஏறவில்லை. வண்டியை அப்படியே பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. உன்னிடம் சொல்வதற்கென்ன, அழுகையும் வந்தது. ஒரு சார்ஜருக்காக யாராவது அழுவார்களா?

மறுநாள் அந்த அம்மா மீட்டரோடு வந்து ஒவ்வொரு பேட்டரியாகத் தொட்டுப் பார்த்தார். "சார்ஜர் மேல தப்பு இல்லீங்க. சும்மா நின்னு நின்னு பேட்டரி அடியோட இறங்கிப் போச்சு. இவ்வளவு இறங்கினா, பேட்டரியே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இது கரண்ட் விடாது" என்றார். ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றிப் பார்க்கச் சொல்லி, கார் பேட்டரிக்குப் போடும் சின்னச் சார்ஜரைக் கொடுத்துவிட்டுப் போனார். சலூன் பின்வாசலில் காற்றாட வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். மூன்று பேட்டரி சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவது முரண்டு பிடித்தது. ரேடியோ முடிவெட்ட வேலை இல்லாவிட்டாலும் தினமும் எட்டிப் பார்த்து, "நாலாவதுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். ஒருவழியாக அதுவும் தேறியது. நான்கையும் வண்டியில் சேர்த்துச் சொருகியதும் விளக்கு மினுக்காமல் எரிந்தது. காலையில் பார்த்தால் பச்சை!

பழக்கடைக்காரரைக் கூப்பிடும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷத்தில் நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததுகூட இல்லை. உட்கார்ந்ததும் காலால் பிரேக்கைத் துழாவினேன். அங்கே ஒன்றுமில்லை. வேகம் வலது கையில், பிரேக் இரண்டு கையிலும், பின்னால் போகும் பொத்தான் கட்டைவிரல் பக்கத்தில். மருந்துக்கடை மேடு வரைக்கும் ஓட்டிப் போனேன். என் கால்கள் இரண்டும் பலகைமேல் சும்மாவே கிடந்தன.

கால் சரியில்லை, ஓட்ட முடியாது, அதனால் விற்கச் சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஓட்டத் தெரியாத நான் அப்படி நினைத்ததில் தப்பில்லை. தினமும் ஓட்டிய உனக்கு இது தெரியாமலா இருக்கும்? அப்படியானால் நீ விற்கச் சொன்னது காலுக்காக இல்லை என்பது, மேட்டில் ஓரமாக நிறுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஹாரன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். மாடிகளிலிருந்து மூன்று பேர் விழுந்தடித்து இறங்கி வந்தார்கள். நீல கேட் வீட்டு டீச்சருக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு. உன் முகத்தைத் தேடி வந்தவர்களுக்கு என் மீசையைப் பார்த்ததும் ஒரே ஏமாற்றம். "அவங்க எப்ப வர்றாங்க?" என்று டீச்சர் கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சீக்கிரம் என்று சொல்லிவைத்தேன். "மாடி ஏறவே வேணாம்னு சொல்லுங்க. ஹாரன் அடிச்சா நாங்க இறங்கி வந்து வாங்கிக்கிறோம்" என்றார். மருந்துக்கடைக்காரர் இன்னும் உன் வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. தானே நடந்து கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்காருகிறார்.

பழக்கடைக்காரர் வந்து வண்டி ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். விற்கவில்லை என்றேன். "அப்ப என்னத்துக்குங்க இவ்வளவு மெனக்கெட்டு ரிப்பேர் பண்ணீங்க?" என்று கோபித்துக்கொண்டார். என் வீட்டுக்காரிக்கு என்றேன். 

உன் பேச்சை மீறிவிட்டேன், திட்டுவதானால் திட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கே வந்துவிடுகிறேன், வீட்டுக்காரருக்குப் பாரமாக வேண்டாம் என்று நீ சொன்னதாக உன் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. வாசலில் தச்சர் சரிவுப் பலகை அடித்துவிட்டார், அதில் நானே நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். குளியலறைக் கதவையும் அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறேன், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

இந்த மாதம் முடிந்தால் உன்னை அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். கூட்டிவர எந்தக் கிழமை வரட்டும்? எந்தக் கிழமையானாலும் சலூனைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பயிற்சியை விடாதே. சீக்கிரமே உன் கால் உன் பேச்சைக் கேட்கட்டும். கேட்காவிட்டாலும் வா.

என்றும் உன்,
வீட்டுக்காரன்