கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

உ
சிவமயம்

ஸ்ரீவைகுண்டம்,
மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஞானசம்பந்தனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அங்கே கனடாவில் நீயும் மருமகள் பார்கவியும் என் பேத்தியும் அந்தப் பனியில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பா, நான், உன் தம்பி சங்கர், அவன் மனைவி பிருந்தா, அவர்கள் பிள்ளை சின்னவன் எல்லாருக்கும் உடம்பு சுகம். உடம்புக்கு மட்டும்தான். வீட்டுக்குச் சுகமில்லை, அதுக்குக் காரணம் நீ. போன்ல சொல்லலாமேன்னு நினைப்பே. போன்ல நான் ஒரு பேச்சை முடிக்கதுக்குள்ள, சரிம்மா சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்னு நீ வச்சிருதே. கடுதாசியில நீ குறுக்கே பேச முடியாது, அதான் உக்காந்து எழுதுதேன். பேத்தி பள்ளிக்கூடத்துல மேடையேறித் தமிழ்ல பேசினாள்னு பார்கவி சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிட்டேன், எதிர்வீட்டுல ரெண்டு தடவை சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை ஓரமா வச்சிட்டு இப்போ மத்ததைச் சொல்லுதேன்.

நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயம்தான். உனக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் முழுசா எழுதுதேன், ஏன்னா நீ ஆளுக்குப் பாதியாக் கேட்டிருக்கே. அது இப்போ விண்டோஸ் பத்தாம் நம்பர்ல ஓடுது. பதினொண்ணாம் நம்பருக்கு மாத்துன்னு தினமும் திரையில அதுவே வந்து நிக்குது, பத்தை இனிமே கவனிக்க மாட்டோம்னு அதைச் செஞ்ச கம்பெனிக்காரன் சொல்லிட்டானாம். அப்பா அதைப் பாத்த உடனே வேண்டாம்ங்கிற இடத்துல ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் தன் வேலையைப் பாப்பாங்க. பிருந்தா அப்படி அமுக்கிட்டுப் போக முடியாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அவ இந்தக் கம்ப்யூட்டர் வழியாத்தானே தமிழ் சொல்லிக் குடுக்கா, அவ ஆபீஸ்ல தை மாசம் முடிஞ்சா பத்தாம் நம்பர் கம்ப்யூட்டரை உள்ளேயே விட மாட்டோம்னுட்டாங்க. முடியலைன்னா சென்னைக்கு வந்து எங்க ஆபீஸ் மிஷின்ல வேலை பாருன்னு கூப்பிடுதாங்க. சங்கர் நானும் மாற்றல் கேக்கட்டுமாங்கான். அவ போனா அவன் போவான், சின்னவனும் போவான். போறவளை நான் பிடிச்சு இழுக்க மாட்டேன், ஆனா ஒரு நம்பரை மாத்தாததுக்காகவா ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பணும்?

அப்பா பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. அவங்க ஜாதகம் பாக்க அந்தப் புரோகிராம் ரொம்பப் பழசு. அதை எழுதிக் குடுத்த மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சு, சிடியும் கீறிப் போச்சு. பதினொண்ணுல அது ஓடுமான்னு ரிப்பேர் பாக்க வார சுபின்கிட்ட கேட்டா, ஓடலாம் ஆச்சி, ஓடாமலும் போகலாம், போட்டுப் பாத்தாத்தான் தெரியும்ங்கான். சரியா வரலைன்னா பத்து நாளைக்குள்ள பழையபடி பத்துக்கே திருப்பிரலாமாம். திருப்பினா அப்பாவுக்கு ஜாதகம் இருக்கும், பிருந்தாவுக்கு வேலை இருக்காது. அப்பா முன்னே பஞ்சாங்கம் பாத்துக் கையாலயே கணிச்சவங்கதான், இப்போ அந்தப் பொடி எழுத்துல கண்ணு நிக்க மாட்டேங்கு. பண்டகசாலையில ரிட்டையர் ஆன பிறகு அவங்களைத் தேடி நாலு பேர் வாசப்படி ஏறுதாங்கன்னா அது பொருத்தம் பாக்கத்தான். ஒரு சீப்பு பழத்தை வச்சிட்டு, நீங்க பாத்துச் சொன்னாச் சரி அண்ணாச்சின்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனா, அன்னைக்கு அவங்க இன்னொரு கரண்டி சோறு வாங்குவாங்க. புதுசா இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கினா என்னன்னு கேப்பே. சங்கர் வீட்டு லோன்ல கழுத்துவரை நிக்கான். நீ வாங்கி அனுப்பினா அண்ணன் காசுல வந்ததுன்னு தொட மாட்டான். போன தடவை நீ குடுத்த போன் டப்பாகூடப் பிரிக்காம இன்னும் பீரோவுலதான் கிடக்கு.

இப்படி இழுத்துக்கிட்டே கிடந்து, சாப்பிடுத நேரத்துல பேச்சே நின்னு போச்சு. அப்பா என்னைப் பாத்து, உன் மருமககிட்டச் சொல்லுங்காங்க. அவ என்னைப் பாத்து, அத்தை, மாமாகிட்ட நீங்களே கேளுங்கங்கா. நான் என்ன இந்த வீட்டுக்குத் தபால்காரியா? கடைசியில போன வெள்ளிக்கிழமை அப்பாவே, சாமிகிட்ட விட்டுருவோம், பூக்கட்டிப் போட்டுப் பாப்போம்னாங்க. பிருந்தாவும் சரின்னா. காலையில எல்லாருமா நம்ம பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். குருக்கள்கிட்டச் சொல்லி, வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி, ரெண்டையும் தனித்தனியா இலையில பொதிஞ்சு சந்நிதியில வச்சாச்சு. எடுத்துக் குடுக்க வாசல்ல பூ விக்க தங்கத்தாயைக் கூப்பிட்டோம். அவ, கல்யாணத்துக்குப் பாப்பாவ, ஆபரேஷனுக்குப் பாப்பாவ, இந்தப் பெட்டிக்குமா பூக்கட்டிப் பாக்கீய, பிள்ளையாரு என்னத்தக் கண்டாருன்னு சிரிச்சுக்கிட்டே ஒண்ணை எடுத்துக் குடுத்தா. பிரிச்சா வெள்ளை. அப்பா ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, பாத்தியா, பத்தே இருக்கட்டும்னுட்டாருன்னாங்க. அதே நேரத்துல பிருந்தா கன்னத்துல போட்டுக்கிட்டு, மாத்தச் சொல்லிட்டாரு அத்தைங்கா. வெள்ளைக்கு எது, சிவப்புக்கு எதுன்னு ஒருத்தரும் முதல்ல பேசி வைக்கவே இல்லை! ஆளாளுக்கு மனசுக்குள்ள ஒண்ணை நினைச்சுக்கிட்டு வெள்ளை வரணும், வெள்ளை வரணும்னு வேண்டியிருக்காங்க. குருக்கள் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஒருத்தர் பண்டகசாலையையே கட்டி ஆண்டவங்க, ஒருத்தி எம்.ஏ. படிச்சவ, ரெண்டு பேருக்கும் தோணல. சரி, அஞ்சாம் கிளாஸ் படிச்ச எனக்காவது கேக்கத் தோணியிருக்கணும், நானும் பொங்கல் தூக்குவாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்.

அங்கனயே வாக்குவாதம். இன்னொரு தடவை போட்டுப் பாத்தா என்னன்னு சங்கர் கேட்டதுக்கு, சாமி என்ன உங்க வீட்டு வேலையாளா, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கன்னு குருக்கள் விரட்டிட்டாரு. அப்போதான் அப்பா சொன்னாங்க, பூ கிடக்கட்டும், என் பெரியவனே சொல்லிட்டான், பத்தே போதும்ப்பா, ஒண்ணும் ஆகாது, யார் சொன்னாலும் மாத்த விடாதீங்கன்னு சொல்லிட்டான், அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. பிருந்தா எதையோ சொல்ல வாயைத் திறந்தா, அப்படியே மூடிக்கிட்டா. முகமே செத்துப் போச்சு. வீட்டுக்கு வந்து அடுப்படியில நான் துருவிக் கேட்ட பிறகுதான் போனை எடுத்துக் காட்டினா. உடனே மாத்திரு பிருந்தா, யோசிக்கவே வேண்டாம், அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்னு நீ அவளுக்கு எழுதியிருக்கே. எழுதினது கார்த்திகை மாசம். ஏலே, உனக்கு எத்தனை வாய்? ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லுததுக்கு எங்களுக்குப் பிள்ளையார் ஒருத்தர் போதாதா? யார் முகமும் சுருங்கக் கூடாதுன்னு பாக்கே. அது நல்ல குணம்னு நானும் இத்தனை நாள் ஊரெல்லாம் பெருமை அடிச்சேன். நீ சுருங்காமப் பாத்துக்கிட்ட ரெண்டு முகமும் இப்போ இங்கன ஒண்ணையொண்ணு பாக்க மாட்டேங்கு. அந்தப் பிள்ளை நினைச்சிருந்தா கோயில்லயே போனை நீட்டியிருக்கலாம், நாலு பேருக்கு முன்னால அப்பா தலை தொங்கிப் போயிருக்கும். அவ செய்யல. இன்னைக்கு வரைக்கும் செய்யல. நானும் சொல்லல. பெரியவன் என் பக்கம்னு நினைச்சு அப்பா நிம்மதியாத் தூங்குதாங்க.

இனி நான் சொல்லுததைக் கேளு. பதினொண்ணுக்கு மாத்துததுன்னு முடிவு பண்ணிட்டேன். ஜாதகம் ஓடினா நல்லது. ஓடலைன்னா நான் பஞ்சாங்கத்தை வாசிக்கேன், அவங்க கணிக்கட்டும், என் கண்ணுக்கு இன்னும் ஒரு குறையும் இல்லை. தைப்பூசம் கழிஞ்ச வெள்ளிக்கிழமை, ராகு காலம் போன பிறகு, சுபினை வரச் சொல்லியிருக்கேன். இந்தக் கடுதாசி உன் கைக்கு வந்து சேரணும்னுதான் அவ்வளவு தள்ளி வச்சிருக்கேன். அதுக்கு முன்னால நீ அப்பாவைக் கூப்பிடணும். என்னை இல்லை, நான் போனை வாங்க மாட்டேன். உங்ககிட்ட ஒண்ணும் பிருந்தாகிட்ட ஒண்ணுமாச் சொன்னேன்ப்பான்னு நீயே உன் வாயால சொல்லணும். புரோகிராம் போனாலும் போகலாம்னு அதையும் சொல்லணும். நடுவுல மழுப்பக் கூடாது. அவங்களுக்குக் கோபம் வரும், உன்கிட்டக் கொஞ்ச நாள் பேச மாட்டாங்க. வரட்டும். அந்தக் கோபம் உன் மேல வரட்டும். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கே, போனை வச்சிட்டா உனக்கு முடிஞ்சுது. அவ இதே வீட்டுல மூணு வேளையும் அவங்களுக்குச் சோறு போடணும்.

மத்தபடி ஆத்துல தண்ணி நல்லா ஓடுது, பிசான நெல் நடவு எல்லாம் முடிஞ்சுது, மழையில நம்ம வாழை தப்பிச்சுது. பேத்தியைக் காதை மூடாம வெளியே அனுப்பாதே. பார்கவிகிட்ட இந்தக் கடுதாசியை ஒளிக்காதே, அவளும் படிக்கட்டும். கைலாசநாதர் கிருபையால நீங்க மூணு பேரும் நீண்ட ஆயுசோட, ஒரே பேச்சா, ஒரே மனசா நல்லா இருக்கணும்.

அப்பாவை வெறும் வயித்தோட இருக்கும்போது கூப்பிடாதே. மத்தியானம் படுத்து எந்திரிச்சுக் காப்பி குடிச்ச பிறகு கூப்பிடு. அங்கன அப்போ நடுராத்திரின்னா முழிச்சிரு.

இப்படிக்கு,
உன் அம்மா,
பிரம்மநாயகி