பதினேழு சிவப்புப் புள்ளிகள்

திம்புள்ள,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மழை எங்களைவிட நல்ல சுகம், பத்து நாளாக விட்டபாடில்லை. பரோடா ஓவியக் கல்லூரியில் நீ சுகமா என்று கேட்கவில்லை, நேரத்துக்குச் சாப்பிட்டால் சுகமாகத்தான் இருப்பாய், சாப்பிடு. போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வேலைநாள் போய்விடும் என்கிறாள். மேல் லயத்து வீரம்மாக்காவின் மகனுக்குத் தை மாதம் கல்யாணம், உன்னிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

இனி புத்தக விஷயம். கொழும்புப் பதிப்பகம் உன் ஆறு ஓவியங்களை எடுத்துக்கொண்டது சந்தோஷம், ஆனால் நீ முதலில் அனுப்பிய படங்களைத் திருப்பி விட்டது உன் பிழைதான், முகத்துக்கு நேரே சொல்கிறேன். ஊருக்கு வந்தபோது பல்பு வெளிச்சத்தில் போனில் எடுத்து, அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்காமல் என்ன செய்யும்? அவர்கள் கேட்டது பன்னிரண்டு அங்குல அகலம், அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, டிஃப் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, அளவு, வரைந்த ஆண்டு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி கடைசி, அதற்குப் பிறகு வந்தால் புத்தகத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். தலவாக்கலை ஸ்டூடியோ மிலானிடம் கமராவும் முக்காலியும் இரவல் வாங்கினேன், வாசிகசாலை வராந்தாச் சுவரில் உன் ஓவியங்களை ரசமட்டம் வைத்து மாட்டினேன். எடுக்கப் போகும் நேரம் பார்த்து மூடுபனி வந்து மூடியது, கூட வந்த மிலான் "அண்ணே, இன்னைக்கு சரிவராது, மூட்டை கட்டுங்க" என்றான். நான் கட்டவில்லை. அந்தப் பனிக்குள் நிழல் இல்லை, பளபளப்பு இல்லை, நாலு பக்கமும் ஒரே வெளிச்சம். எந்த ஸ்டூடியோவிலும் அப்படி ஒரு வெளிச்சம் கிடைக்காது, மலை சும்மா தருகிறது.

வியாழக்கிழமை கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது ஓவியம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்பது, முகமே இல்லை, முழங்காலுக்குக் கீழே ஒன்பது சோடிக் கால்கள். மூன்று வருடம் வீட்டில் அதன் கீழே உட்கார்ந்துதான் சப்பாத்து மாட்டியிருக்கிறேன். அந்தக் கால்களில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். என் வேலை உனக்குத் தெரியும், தேயிலையில் நிறம் மாறின ஒரு தூளைக் கமரா கண்டதும் காற்றால் ஊதித் தள்ளுகிற மிசின், அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். புள்ளியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. லயத்து வீட்டு ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருக்கிறது, இல்லை நீ தூரிகையை உதறியிருக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பதினேழு புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன், தடயமே இல்லை, அவ்வளவு சுத்தம். ஆறையும் அனுப்பிவிட்டு மிதப்பில் இருந்தேன்.

கொழுந்து மலையிலிருந்து அம்மா வந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பில் கட்டிய ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் குனிந்து பார்த்தாள். "இது வீரம்மாக்கா. இந்தா, கட்டவிரலு வளஞ்சிருக்கே, இது வேலாயி. ஐயோ, காலை வச்சே ஆளைச் சொல்லலாம் போல இருக்குங்க" என்று சிரித்தாள். ஐந்தாவது கால்களுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "இது நாந்தான். அட்டை கடிச்ச எடமெல்லாம் எங்க?" என்றாள். அழுக்கு இருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். "அழுக்கா? ஒங்க மிசின்ல குப்பை பொறுக்குற மாதிரி என் காலையும் பொறுக்கிட்டீங்களா?" என்று படங்கைத் தூக்கிக் காலை நீட்டினாள். உள் கணுக்காலுக்கு மேலே மூன்று பழைய கடித் தழும்பு, முக்கோணமாக. ஓவியத்தில் நான் அழித்த அதே இடத்தில்.

உடனே ஓவியத்தை வீட்டுச் சுவரிலிருந்து இறக்கி, மிசின் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மகள், ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினேழும் பதினேழு விதம். ஒன்று இப்போது கடித்த புதுச் சிவப்பு, ஒன்று காய்ந்து பழுப்பு, ஒன்றை ஒருத்தி சொறிந்து சொறிந்து புண்ணாக்கியிருக்கிறாள், வேலாயியின் காலில் ஒன்று நிற்காமல் குதிகால் வரை நூலாக வழிகிறது. கடுகில் பாதி இல்லாத இடத்தில் இத்தனையும் எப்படி வைத்தாய்? பதினெட்டு வயதில் இதையெல்லாம் எப்போது பார்த்தாய்? இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்தக் கால்களை நான் பார்த்ததில்லை. இலட்ச ரூபாய்க் கமரா கண்டது, எனக்கு விளங்கவில்லை.

நல்லவேளை, கமராவின் அசல் கோப்பை நான் ஒருபோதும் அழிப்பதில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அதிலிருந்து புதிய டிஃப் எடுத்தேன், நூற்று நாற்பது எம்பி. அன்றைக்கென்று வீட்டில் சிக்னல் இல்லை, கோயில் வளைவுப் பாலத்துக் கட்டின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். இரண்டு தரம் பாதியில் அறுந்தது. பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது, பழையதை அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதிப்பகத்து ஜெயந்தினி போன் எடுத்தார். "கடைசி நேரத்துல மாத்துறீங்களே சேர். முதல் அனுப்பினது நல்ல சுத்தமா இருந்துச்சு, இதுல புள்ளி புள்ளியா இருக்கே, எங்கட ஆளை விட்டு எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். அது அழுக்கு இல்லை மிஸ், ரத்தம், பதினேழு இருக்கிறது, அச்சிலும் பதினேழு இருக்க வேண்டும் என்றேன். போனிலேயே ஒன்று, இரண்டு என்று பதினேழு வரை எண்ணினார். பிறகு, "அப்படியே போகும்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "மொகத்தைப் போடாம காலை மட்டும் போட்டிருக்கா, வரட்டும் பேசிக்கிறேன்" என்கிறாள், ஆனால் இரண்டு நாளாக லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் யார் யார் கால் புத்தகத்தில் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதும் அவள்தான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கண்ணும் கையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மாரியம்மன் துணை. புதிதாக வரைவதை வெயிலில் வைத்து எடுக்காதே, அசல் கோப்பை இரண்டு இடத்தில் வை. எந்தப் புள்ளி என்ன என்று நீ எனக்கு எழுத வேண்டாம். இனி எதிலும் கை வைக்க முன் அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
யோகேஸ்வரன்