மெஷின் மாடி ஏறாது

திருப்பதி. செவ்வாய், இரவு.

மருத்துவமனையின் மேல்மாடி வார்டில் நிமோனியாவில் மூச்சிரைத்த ஐந்து வயதுச் சிறுமிக்கு நுரையீரல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவைப்பட்டது. மெஷின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று காட்டிவிடும் என்பதால், பதிவு செய்த அறையை விட்டு அது நகரக்கூடாது. பெண் குழந்தைகளைக் காப்பதற்கான சட்டம். ஆகவே பெண் குழந்தையை ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்ட்ரெச்சரில் கீழே தள்ளிக்கொண்டு போனோம். வழியில் அவள் உதடு நீலமானது.

கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று ஸ்கேன் அறைச் சுவரிலிருந்த தெலுங்கு எச்சரிக்கையை, தமிழ்நாட்டு எல்லையோர வரதய்யபாளையத்துக்காரரான சிறுமியின் தாய் முழுதாகப் படித்தார்.

“பொண்ணுன்னு எனக்கே தெரியும் சார். நெஞ்சுல இன்னா கீதுன்னு சொல்லுங்க.”

சீழ் கட்டியிருந்தது. குழாய் போட்டு வடித்தோம். இப்போது தூங்குகிறாள்.

நாளை மறுபடியும் ஸ்கேன் பார்க்க வேண்டும். மெஷின் வராது. அவள்தான் போக வேண்டும்.