பம்பாய்க்குப் போன இரண்டு பலாப்பழங்கள்

மதினி,

இன்று காலை பம்பாய் லாரி திரும்பி வந்தது. டிரைவர் இறங்கியதும் சீட்டுக்கு அடியில் கைவிட்டு அந்த எவர்சில்வர் சம்படத்தை எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறப்பதற்கு முன்பே நெய்யும் ஏலக்காயும் மணத்தன. கொட்டகையில் பழம் எடை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி விடாமல் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் உள்பக்கம் பார்த்து, "மதினி, ஒங்க பம்பாயி ஆளு அனுப்பியிருக்கு, வாங்க!" என்று சத்தம் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் நீங்கள் பங்குனியிலேயே போய்விட்டது ஞாபகத்துக்கு வந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டு பழத்தை உருட்டினாள்.

சம்படத்தின் மூடியில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அதைத் தடவும்போதெல்லாம் எனக்கு மழைதான் நினைவுக்கு வரும். நாம் இரண்டு பேரும் முதல்முதலாக வேலை விஷயமாக ஊரை விட்டுக் கிளம்பிய அந்த ஆடி மாதத்து மழை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கறம்பக்குடிப் பக்கம் பலாவுக்கு நாதியில்லாமல் கிடந்தது. வியாபாரிகள் வரத்து நின்று, மரத்தடியில் விழுந்ததை மாட்டுக்குப் போட்டோம். நாற்பது வீட்டுப் பெண்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தோம். பேசத் தெரிந்தவர் என்று உங்களைத் தலைவியாக்கினார்கள், பி.காம். படித்தவள் என்று என்னைச் செயலாளராக்கினார்கள். நமக்குள் உறவுமுறை என்ன என்று கேட்டால் இருவருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. நீங்கள் எனக்கு மதினி, நான் உங்களுக்கு மதினி. நான் இங்கிலீஷில் எழுதிய ஒரு கடிதத்துக்குப் பம்பாயில் ஒரு பெரிய கடைக் கம்பெனி பதில் போட்டது. சாம்பிள் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் குழு நிற்கும். கிடைக்காவிட்டால் அந்த வருஷத்தோடு கலைந்துவிடும். போகும்போது நம் இருவருக்குமே அது தெரியும்.

உங்கள் மாமியார்தான் முதலில் ஆரம்பித்தார். "ஆடி மாசத்துல யாராச்சும் நல்ல காரியத்துக்குக் கெளம்புவாகளா?"

"பழத்துக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாதுத்தே. அது பாட்டுக்குப் பழுத்துரும்" என்றீர்கள்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர். அண்ணன் பம்பாயைப் பார்த்தது கிடையாது. ஆனாலும் அதைப் பற்றி ஒருமணி நேரம் பேசினார். "அங்கிட்டெல்லாம் பக்கத்து வீட்டுல பொணம் கெடந்தாலும் எட்டிப் பாக்க மாட்டாய்ங்க. சங்கிலியக் கழட்டி வச்சிட்டுப் போங்க. யாரு சிரிச்சாலும் சிரிக்காதீக." அந்தக் கடைசி உபதேசத்தை நீங்கள் புதுக்கோட்டை ஸ்டேஷன் வரைக்கும்கூடக் கடைப்பிடிக்கவில்லை.

பழம் தேர்ந்தெடுத்தது நீங்கள். உங்கள் கொல்லை மரத்தில் ஏறச் சொல்லி, இறக்கிய காய்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, நல்ல முற்றலாக இரண்டை எடுத்தீர்கள். "இது பழுக்க இன்னும் அஞ்சு நாளாகும். சரியா ஆபீசர் முன்னால வெட்டலாம்." கட்டியது நான். ரயிலில் இடிபடக் கூடாதே என்று ஒவ்வொன்றுக்கும் தடிமனாக வைக்கோல் சுற்றி, சாக்கில் போட்டு, வாயை இறுக்கித் தைத்தேன். எவ்வளவு பத்திரமாகக் கட்டியிருக்கிறேன் என்று எனக்கே பெருமை.

இரண்டாம் நாள் ரயிலில் நீங்கள் மூக்கை உறிஞ்சினீர்கள். "மதினி, என்னமோ மணக்குதுல்ல?"

"பக்கத்துப் பொட்டியில யாரோ பழம் வச்சிருப்பாக" என்றேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் மனதில் வைத்திருந்த பம்பாயில் கண்ணாடிக் கட்டடங்களும் கண் கூசும் வெயிலும் இருந்தன. நம் ஊரில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பம்பாயில் இறங்கினால் வானமே பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. சாக்கு மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தெருத்தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தோம். தங்க ஏற்பாடு செய்திருந்த இடம் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியில் நாலைந்து அறை வாடகைக்கு, மற்றதெல்லாம் குடும்பங்கள். மாடிக்கு மாடி நீளத் தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், எல்லாம் திறந்தே கிடந்தன. பெண்கள் வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு எதிர்வாசலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தீர்கள்.

"மதினி, இதா பம்பாயி? நம்ம காலனி வீட்டத் தூக்கி ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குன மாதிரியில்ல இருக்கு."

அறைக்குள் போய்ச் சாக்கைப் பிரித்தேன். ஒரு பழம் காம்படியில் வாய் பிளந்திருந்தது. இன்னொன்று ஒரு பக்கம் அமுக்கினால் அமுங்கியது. நீங்கள் பழத்தைப் பார்த்தீர்கள், வைக்கோலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"ஏன் மதினி, நம்ம ஊருல காயை எப்பிடிப் பழுக்கப் போடுவோம்?"

வைக்கோலில் பொதிந்து சாக்கில் போட்டுத்தான். பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. ரயிலில் இரண்டு நாள் அதைத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறோம். நீங்கள் கட்டிலில் விழுந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கத்தியை எடுத்தீர்கள். நான் தடுத்தேன். பிளந்தது போகட்டும், நமக்கு மட்டும் நாலு சுளை எடுத்துக்கொண்டு மூடி வைப்போம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. பலா வெட்டுகிற வீட்டில் உங்களுக்கு ஒரே சட்டம்தான். "வாசம் எம்புட்டுத் தூரம் போகுதோ, அம்புட்டுத் தூரத்துக்குச் சுளை போகணும். இல்லாட்டித் தின்னவுகளுக்கு வயித்த வலிக்கும்." நம் தெருவில் அதை யாரும் மீறியதில்லை, சரி. பம்பாயிலுமா? ஒரு தட்டில் சுளைகளை அடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பாஷை தெரியாமல், முதல் கதவிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

மூன்றாவது கதவில்தான் அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா. சுளையை வாங்கி வாயில் போடவில்லை. கிள்ளிப் பார்த்து, மோந்து பார்த்து, கொட்டையைப் பிதுக்கிப் பார்த்து, அப்புறம்தான் தின்றார். நீங்கள் திரும்பி வந்து, "அந்தம்மா பாக்குற பார்வையப் பாத்தா நம்மளவிட வெவரம் போல" என்றீர்கள்.

அந்த நேரத்தில்தான் கீழ்மாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். இளவயதில் ஒரு திருநெல்வேலிக்காரர் ஹோட்டலில் பரிமாறியவராம். அவருடைய தமிழ் மொத்தமும் பந்தியில் கற்றது. "பழம் நல்லா இருக்கு, இன்னும் போடு" என்று தட்டை நீட்டினார். இந்தப் பழம் இங்கே தெரியுமா என்று கேட்டேன். "எங்க ஊர்ல மரம் மரமா உண்டு. ஃபுல் மீல்ஸ்" என்றார்.

பலா என்றால் என்னவென்றே தெரியாத ஊருக்கு அதைக் காட்டப் போகிறோம் என்றல்லவா கிளம்பினோம்? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறோம். இதற்குள் முதல் பழம் தீர்ந்து, வாசம் கீழ்மாடிக்கு இறங்கி, அங்கிருந்து பிள்ளைகளோடு பெண்கள் ஏறி வந்துவிட்டார்கள். நீங்கள் இரண்டாவது பழத்தில் கை வைத்தீர்கள். நான் அழுதேவிட்டேன்.

"நாளைக்கு ஆபீசர் முன்னால எதை வைக்கிறது? ஒங்க தலையையா?"

"தலைய வச்சா ஆர்டர் தருவாகன்னா வச்சிருவோம் மதினி. இது நாளைக்குப் புளிச்சுப்போகும். புளிச்ச பழத்தக் கொண்டுபோயி எங்க ஊருப் பழமின்னு வச்சா நாப்பது வீட்டு மானமும் போயிரும். இப்பத் தின்னா நாலு பேரு வாயாச்சும் இனிக்கும்." சொல்லிக்கொண்டே வெட்டினீர்கள். அன்று இரவு நான் உங்களோடு பேசவில்லை.

மறுநாள் கம்பெனிக்குக் கட்டுக்கட்டாக விவரத்தாளோடு போனோம். கோட்டுப் போட்ட தொந்திக்காரர் ஒருவர் நம்மை நிற்க வைத்தே விரட்டுவார் என்று பயந்திருந்தேன். இருந்தது சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் மாதிரி ஆபீசர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தார். சாம்பிள் எங்கே என்று கேட்டார். நான் இங்கிலீஷில் சுற்றி வளைத்தேன். நீங்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இரண்டு கையையும் வாய்க்குக் கொண்டுபோய், "தின்னாச்சு" என்று காட்டினீர்கள். அவர் சிரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் சீசனில் பக்கத்துக் கொங்கணத்திலிருந்தே வேண்டிய மட்டும் வருகிறது, அவ்வளவு தூரத்திலிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பாதி வழியில், "ஒங்க பேச்சக் கேட்டிருக்கணும் மதினி. எந்த மொகத்தோட ஊருக்குப் போறது?" என்றீர்கள். நேற்றிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது எனக்குச் சந்தோஷமே இல்லை, தாங்க முடியாமல்தான் இருந்தது. "வைக்கல நாந்தான சுத்துனேன்" என்றேன். உங்கள் கை ஈரமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டடத்துக்கு வந்தால் படிக்கட்டை அடைத்துக்கொண்டு பச்சைச் சேலைக்காரம்மா. கூடவே நாலு பெண்கள். நடுவில் பெரியவர். என்னவோ வம்பு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தம்மா மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருப்பவர். மற்ற நாலு பேரும் கடைக்காரிகள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"மழை வந்தாச்சு. எங்க ஊர்ப் பழம் க்ளோஸ். கடைக்கு ஆள் வந்து கேக்குது, பழம் இல்ல. உங்ககிட்ட ஸ்டாக் இருக்கா?"

"ஆவணி வரைக்கும் இருக்கு" என்றீர்கள்.

"எவ்வளவு போடுவீங்க?"

"லாரி நெறையா."

பெரியவர் ஒரு கணம் திகைத்தார். "பார்சலா?"

"பார்சல்தேன்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் தலை நீட்டியது. ஆபீசர் கண்ணிலேயே காட்டாத பழத்துக்கு, தாழ்வாரத்தில் தின்றவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று அண்ணன் சொன்ன ஊரில், கிளம்பும்போது வழியனுப்ப ஸ்டேஷன் வரை ஏழு பேர் வந்தார்கள். ரயிலில் தின்ன அந்தம்மா கொடுத்ததுதான் இந்தச் சம்படம். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம் என்பது பாதி தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. "பாத்திரத்த வெறுமனே குடுக்கப்படாது. லாரியில நெறச்சு அனுப்புவோம்." முதல் லாரியில் வறுத்த பலாக்கொட்டையும் முறுக்குமாகப் போனது. திரும்பி வரும்போது ரவா லட்டோடு வந்தது. இரண்டு தனித்தனிப் பொட்டலம், உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆறு வருஷமாக அதுவும் லாரிக்கு ஒரு பயணிதான். இப்போது லோடு ஏற்றுவது அண்ணன். "பம்பாய்க்காரன் மாதிரி மனுசன் கெடையாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்டால், எப்போதுமே அப்படித்தான் சொன்னேன் என்கிறார்.

நீங்கள் போன விஷயத்தை அந்தம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குப் பெரிய கவலை. சித்திரையில் பெரியவருக்குப் போன் போட்டேன். "மதினி இல்லைங்க" என்றேன். "இல்லையா? தீர்ந்துபோச்சா?" என்றார், ஹோட்டல் பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. மதினி, எனக்கு அப்போது அழுகையோடு சிரிப்பும் வந்தது. நீங்கள் கேட்டிருந்தால் கட்டிலில் விழுந்து சிரித்திருப்பீர்கள்.

இந்த வருஷம் ஒரு பொட்டலம்தான் வரும் என்று எண்ணியிருந்தேன். காலையில் சம்படத்தைத் திறந்தால் இரண்டு. பெரியவர் சொல்லாமல் விட்டாரா, சொல்லியும் அந்தம்மா கட்டினாரா, தெரியாது. நான் கேட்கப்போவதுமில்லை. என் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்து வைத்தேன். உங்களுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் நெய் வாசம் கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. தராசுக்காரி, மூட்டை தைக்கிறவர்கள், டிரைவர், லாரிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் வரைக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. லட்டைப் பிட்டுப் பிட்டு ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே போனேன்.

உங்கள் பங்கில் எனக்கு ஒரு துளிகூட மிஞ்சவில்லை மதினி. வாசம் அவ்வளவு தூரம் போயிருந்தது.