நாயகனுக்குப் பின்வரிசையில் உன்னை உட்காரவைத்தேன்

மச்சான்,

லா சப்பல் மெத்ரோவுக்கு ஏறும் படிக்கட்டின் பக்கத்துச் சுவரில் நேற்று அவனைக் கண்டேன். தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொண்டு, பாரிஸ் நகரத்தையே விலைக்கு வாங்க வந்தவன் மாதிரிக் குதிரைமேல் இருக்கிறான். விளம்பரத் தாளில் எங்கள் கௌபோய் பட நாயகன்தான். பழைய சுருளைக் கழுவித் துடைத்து மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவருகிறார்களாம். என் கையில் ரூ காய்த் தெருவில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டு. அதைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு எதிரே நின்றேன். பூமியின் இரண்டு மாபெரும் வீரர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட அந்தக் கணத்தில், தலைக்குமேல் ஓடிய ரயிலே நின்றுவிட்டது. அது நிலையம், ரயில் அங்கே நிற்கத்தான் செய்யும் என்று நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

அந்த விளம்பரத்தின் கீழ்மூலையில் ஒரு சின்னப் புகைப்படம் இருந்தது. அமெரிக்காவில் படத்தை முதன்முதலாகத் திரையிட்ட அன்று எடுத்தது. கறுப்புக் கார்கள், மென்மயிர்க் கோட்டுப் பெண்கள், வானத்தைக் குத்தும் விளக்குகள், வாசலில் நாயகன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உன்னைத் தேடினேன். வெட்கங்கெட்டவன், மெய்யாகவே தேடினேன். உன்னை அங்கே கொண்டுபோய் இருத்தியவன் நான்தானே.

எங்களுக்கு அந்தப் படத்தின் முதற்காட்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. உலகமெல்லாம் ஓடிக் களைத்து, பாதிக் கண்டங்களின் இயந்திரங்களில் அரைபட்டு எங்களிடம் வந்துசேர்ந்த படத்துக்கு ஏறக்குறைய எங்கள் வயது. ஆனாலும் தியேட்டர்க்காரர் வாசலில் ‘முதன்முறையாக’ என்று பலகை எழுதி மாவிலை கட்டியிருந்தார். எங்கள் கண்ணுக்கு அதுதான் முதற்காட்சி. கலரியின் மலிவு இருக்கைகளில் பத்தாயிரம் பேர் இருந்தார்கள் என்றும், விசில் சத்தத்தில் கூரை ஓடுகள் கிளம்பி வல்லிபுரம்வரை பறந்தன என்றும் நான் சொல்வது வழக்கம்.

“அறுவது பேர் வரும்,” என்பாய் நீ. “அதிலை கொஞ்சப்பேர் நித்திரை.”

சுருள் முழுவதும் கீறல். திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. செம்மண் மலை, காய்ந்த புல், வெடித்த நிலம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோடுகள். இடைவேளைக்கு முன்பே என் காதுக்குள் கேட்டாய்: “இந்த மழைக்குள்ளை இவங்கடை தொப்பி ஏன்ரா நனையேல்லை?” கடைசிச் சண்டையில் கலரி முழுவதும் துப்பாக்கியைப் பார்த்தது. நீ குதிரையைப் பார்த்தாய். சைக்கிள் மிதித்து வீடு திரும்பும்போது நான் வாயால் சுட்டுக்கொண்டு வர, நீ ஒன்றே ஒன்று சொன்னாய்: “அதுக்குக் கடைசி மட்டும் ஒருத்தனும் தண்ணி வைக்கேல்லை.”

அப்படித்தான் இருந்தோம். நான் பெருக்குவேன், நீ கழிப்பாய். ஊரைவிட்டு வந்து, பாரிஸில் நீ உணவகத்தில் கோப்பை கழுவி, நான் பெட்டி சுமந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ பெர்தொனே தேநீர்க் கடையில் குந்திய காலத்திலும் அந்தத் தொழிலை நாங்கள் விடவில்லை. கடைக்காரப் பெடியங்களுக்கு அந்தக் கௌபோய் கதையை நான் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன். ஒரு வாரம் நாயகன் யாழ்ப்பாணத்துக்கே வந்திருந்தான். மறுவாரம் அவன் குதிரை எங்கள் வீட்டு வைக்கோலைத் தின்றது.

“அண்ணை, இது மெய்யோ?” என்று அவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். நீ தேநீரை ஊதியபடி, “படம் பார்த்தது மெய்,” என்பாய். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உன் ஒற்றை வரியை நம்பித்தான் நான் அவ்வளவு தூரம் பறந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பட்டத்தை ஏற்றியவனுக்கு நூல் பிடித்தவனைப் பற்றி என்ன நினைப்பு.

நீ போனபின் உன் மகள் புறநகர்ப் பியர்ஃபித்திலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க நினைவுப் புத்தகமாகக் கல்வெட்டு அடிக்கவேண்டும், அதில் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுதவேண்டும் என்றாள்.

“எனக்குத் தமிழ் எழுத வராது மாமா. அப்பாவைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்,” என்றாள். “எனக்கு அப்பாவைப் பெரிசாத் தெரியாது. நான் எழும்ப முதல் போயிடுவார், படுத்தாப் பிறகு வருவார்.”

பேனாவை எடுத்தேன். கம்பனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் இடைவெளி என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கலியாணம், கடல் கடந்தது எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன். நடுவே கை அரித்தது. ‘அன்னார் அமெரிக்க நாட்டில் அப்புகழ்பெற்ற குதிரைவீரன் படத்தின் உலக முதற்காட்சிக்கு அழைக்கப்பட்டு, கதாநாயகனுக்குப் பின்வரிசையில் அமர்ந்து, அவர் திரும்பிக் கேட்டபோது தம் கருத்தையும் தெரிவித்தவர்’ என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே ரசித்தேன். தேநீர்க் கடைக்காரர்கள் வாசித்துச் சிரிப்பார்கள், நீயும் எங்கேயோ இருந்து ஊதுவாய் என்று நினைத்தேன். கழிக்கிறவன் இல்லை என்பதை மட்டும் மறந்துபோனேன். கல்வெட்டில் கிடப்பதை எங்கள் சனம் தேவாரம் மாதிரி நம்பும் என்பதையும் மறந்தேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் ஐயர் கிரியையை முடித்ததும் உன் மகள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். உன் உணவகத்துப் பிரெஞ்சுக்காரர் சிலரும் வந்திருந்ததால், நான் எழுதியதை யாரையோ கொண்டு மொழிபெயர்த்து வைத்திருந்தாள். பிரெஞ்சில் வாசித்தாள். முதற்காட்சி வரி வந்தபோது அவள் குரல் உயர்ந்தது. மச்சான், அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

உன் பழைய ஷெஃப், அந்த வெள்ளை மீசைக்காரர், எழுந்து நின்றார். பணிவாகத்தான் பேசினார். அந்தப் படம் தனக்கு உயிர், அது முதலில் திரையிடப்பட்ட காலத்தில் உங்கள் அப்பா கைக்குழந்தையாக அல்லவா இருந்திருப்பார் என்றார். “அவர் எனக்குச் சொன்னது வேறு கதை, மத்மசேல். தன் ஊரில் பார்த்தாராம். சுருள் அவ்வளவு தேய்ந்துபோய், தொடக்கம் முதல் முடிவுவரை படத்தில் மழை பெய்ததாம். அதைக் கேட்ட பிறகு நான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மழையைத் தேடுவேன்.”

கதிரை வரிசைகளுக்குப் பின்னாலிருந்து தேநீர்க் கடைப் பெடியன் ஒருத்தன் சொன்னான்: “அது எழுதின அண்ணையின்ரை கணக்கு, எப்பவும் கூடத்தான். ரண்டு சைபரைத் தட்டிவிடுங்கோ.”

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புத்தான். ஆனால் உன் படத்துக்கு முன்னால், விளக்குக்கு முன்னால், ஒலிவாங்கியோடு நின்ற உன் பிள்ளைக்கு மேல் அந்தச் சிரிப்பு விழுந்தது. அவள் மிச்சத்தை வாசிக்கவில்லை. தாள்களை மடித்துக்கொண்டு இறங்கினாள். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கவேண்டும்போல் இருந்தது என்று எழுதலாம். உண்மையில் நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடை பரிமாறும் நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். கோபம் ஒன்றும் காட்டவில்லை.

“மாமா, நான் பிறந்த அண்டைக்கு மெத்ரோ, பஸ் எல்லாம் கிறேவ், ஒண்டும் ஓடேல்லை எண்டும், அப்பா வேலையிலையிருந்து ஆசுப்பத்திரி மட்டும் நடந்து வந்தவர் எண்டும் எழுதியிருக்கிறீங்கள். அதுவும் பகிடியோ?”

“இல்லைப் பிள்ளை. அது மெய்.”

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

அந்தக் கல்வெட்டு முழுவதிலும் அவளும் நீயும் ஒன்றாக இருக்கும் வரி அது ஒன்றுதான். அதை மட்டும் நான் தொடவே இல்லை, ஒரு சொல் கூட்டவில்லை. ஆனால் அதே மையில், அதே பக்கத்தில், நாயகனுக்குப் பின்வரிசையில் உன்னை இருத்திய வரிக்குக் கீழே அது கிடக்கிறது. அன்று ஆசுப்பத்திரியில் இருந்தவர்களில் உன் மனுசி போய்விட்டாள், நீயும் போய்விட்டாய். நீ நடந்து வந்ததற்கு இந்த உலகத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி நான். பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில் ஒருவரும் நம்பாத சாட்சி.

அதற்குப் பிறகு ரூ காய்ப் பக்கம் போனாலும் தேநீர்க் கடைக்குள் ஏறவில்லை. நேற்று அந்த விளம்பரத்தில் உன்னைத் தேடிக் களைத்தபின், முருங்கைக்காயோடு அப்படியே பியர்ஃபித்துக்கு ரயில் ஏறினேன். அவள் கதவைத் திறந்து, “வாங்கோ மாமா,” என்றாள். குரலில் முந்தின இளக்கம் இல்லை. சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த நாளைச் சொல்ல வந்தனான்,” என்றேன். “கூட்டாமல்.”

“சொல்லுங்கோ.”

சொன்னேன். பிள்ளை, நோவு எடுத்ததும் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் நான்தான் கூட்டிப் போனேன். உணவகத்துக்கு போன் எடுத்துச் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை, ஆசுப்பத்திரி நகருக்கு வெளியே சென்டெனியில். நீ பிறந்து கனநேரத்துக்குப் பிறகுதான் அப்பா வந்தார். சமையலறைச் சப்பாத்து, ஈர ஏப்ரன். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. வெங்காயம் மணக்குது என்று தாதி ஏசினாள்.

“என்னைத் தூக்கினவரோ?”

“தூக்கினவர். ‘வலு சின்னனா இருக்கிறாள்’ எண்டார். பிறகு கதிரையிலை இருந்தபடி நித்திரையாப் போனார்.”

“அம்மா என்ன சொன்னவ?”

“எழுப்பி, போய்க் குளிச்சிட்டு வாங்கோ எண்டவ.”

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. விரலால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “அண்டைக்கு ஸ்நோ கொட்டினதோ மாமா?”

மச்சான், அவளுக்கு அது வேண்டும்போல் இருந்தது. அந்தக் குரலில் தெரிந்தது. என் நாக்கின் நுனியில் முழங்கால் உயரத்துக்குப் பனி வந்து நின்றது. ஆறு உறைந்தது, உன் மீசையில் பனிக்கட்டி தொங்கியது, வெள்ளைத் தெருவில் நீ ஒற்றை ஆளாக நடந்து வந்தாய். ஒரு சொல் போதும். அவள் நம்பியும் இருப்பாள்.

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “சும்மா குளிர்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நம்பினாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாயில்லை.